ஆயிரத்து எண்ணூறு துளைகள்

நீலநிறப் பாலித்தீன் தார்ப்பாய் ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. அது மழையைத் தடுக்கும், விலையும் குறைவு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஆனால் அதன் கீழே ஓர் இரவேனும் படுத்தவர்கள் அறிவார்கள். காற்று வீசினால் விடியும்வரை அது சடசடத்துக்கொண்டே இருக்கும். மழை ஓய்ந்த பிறகும், நாம் விட்ட மூச்சு அதன் அடிப்பக்கத்தில் துளித்துளியாய்ப் படிந்து, விடியற்காலையில் நெற்றியில் சொட்டும். எனவே, 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு இரவுகள் வெளியில் தங்குவது என்று முடிவானபோது, படுதாவை நாங்களே தைத்துக்கொள்வது என்றும் முடிவு செய்தோம். எங்களுடன் ஒன்பது வயது மகளும் வருவதாக இருந்தாள். வீட்டில் எழுந்த கவலையெல்லாம் அவளைப் பற்றித்தான்.

தார்ப்பாய் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தின் டார்பாலின் நம் காதுக்குத் தார்ப்பாயாகக் கேட்டது. தார் பூசிய போர்வை என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் என்பார்கள். நாம் பிற்பாதியைப் பாய் ஆக்கிக்கொண்டோம். தமிழில் பாய் என்றால் படுக்கும் பாய் மட்டுமா? கப்பலின் பாயும் பாய்தான். கடலோடிகள் தாரும் எண்ணெயும் பூசிக் காத்ததும் கித்தான் துணியைத்தான். தவறாகக் கேட்ட காது எவ்வளவு சரியான இடத்தில் போய் நின்றிருக்கிறது!

துணி ஈரோட்டில் வாங்கியது. சாயமேற்றாத காடா, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் எடை, ஒன்றரை மீட்டர் அகலம். இரண்டு பட்டைகளை நடுவில் இணைத்தால் மூன்றுக்கு மூன்று மீட்டர் கூரை கிடைத்துவிடும். வாங்கிய அன்றே கத்தரிக்கோலை எடுத்த எங்களை அம்மா தடுத்தார். (அம்மா என்பது எங்களில் ஒருவருக்கு, மற்றவருக்கு அத்தை. தையல் இயந்திரம் அவருடையது.) காடாவில் நெசவுக் கஞ்சி இருக்கும், அது போகும்வரை எதுவும் துணியில் ஏறாது, நனைத்தால் சுருங்கவும் செய்யும் என்றார். இருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்தபோது மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது. முதலிலேயே வெட்டியிருந்தால் கூரை குட்டையாகியிருக்கும்.

தைப்பதில் எங்களுக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம் மூண்டது. லாரிப் படுதாக்களில் உள்ளதுபோல் ஓரங்களில் பித்தளை வளையங்கள் அடிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். மெல்லிய துணியில் துளை போட்டு இழுத்தால் அங்கிருந்துதான் கிழியும், நாடாவை மடித்துக் காதுபோல் தைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கட்சி. அவரே வென்றார். ஓரங்களை நேராக வெட்டாமல் சற்று உட்குழிவாக வெட்டவேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக நின்றோம். ஒரு கயிற்றின் இரு முனைகளையும் பிடித்துத் தளரவிட்டால் தானாக விழும் வளைவு அது. அப்படி வெட்டிய ஓரம் இழுத்துக் கட்டும்போது விறைப்பாக நிற்கும். நேர்கோட்டில் வெட்டியது காற்றில் அடித்துக்கொள்ளும்.

நடு இணைப்புக்கு ரன் அண்ட் ஃபெல் தையல். ஒரு விளிம்பை மற்றொன்றுக்குள் மடித்துப் பொதிந்து, இரண்டு வரிசை ஓட்டுவது. சட்டைத் தோளில் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் எண் ஊசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். சென்டிமீட்டருக்கு மூன்று தையல் வீதம் மூன்று மீட்டருக்குத் தொள்ளாயிரம், இரண்டு வரிசைக்கு ஆயிரத்து எண்ணூறு. மழையைத் தடுப்பதற்கென்று தைத்த துணியில் கூரையின் உச்சியிலேயே ஆயிரத்து எண்ணூறு துளைகளை எங்கள் கையாலேயே போட்டிருந்தோம். கணக்குப் போட்ட இரவில் இருவருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. பருத்தி நூலில் தைத்ததால் நூல் நனைந்து உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும் என்று அம்மா சொன்னார். அவர் சொன்னது உண்மைதான் என்றாலும் அன்றைக்கு அது வெறும் ஆறுதலாகவே பட்டது.

அடுத்தது நீர்புகாமை. முதல் யோசனை, கடலோடிகள் செய்ததைப் போல ஆளிவிதை எண்ணெய் பூசுவது. வண்ணக்கடையில் லின்சீட் ஆயில் வாங்கி, ஒரு துண்டுத் துணியில் மொட்டைமாடியில் வைத்துப் பூசிப் பார்த்தோம். துடைத்த கந்தல்களைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினோம். மாலையில் துணி எடுக்கப் போன அம்மா குரல் கொடுத்தார். வாளியிலிருந்து கசந்த நெடியுடன் புகை வந்துகொண்டிருந்தது. அருகில் நெருப்பு ஏதுமில்லை. தொட்டியிலிருந்த தண்ணீரை மொண்டு ஊற்றினார். வாளியின் அடிப்பகுதி இளகிக் கோணியிருந்தது.

இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிக் கெட்டியாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய கந்தலில் உள்ளேயே தங்கி, சூடு சூட்டை வளர்த்து, தானே தீப்பற்றும் அளவுக்குப் போகும். எண்ணெய் தொட்ட கந்தலை ஒன்றொன்றாக விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். நாங்கள் இரண்டும் செய்யவில்லை. பக்கத்து அறையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணெய்க் குப்பி அன்றே வீட்டை விட்டு வெளியேறியது. பல நாட்கள் இந்தப் படுதாவைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

மீண்டும் தொடங்கியது படிகாரத்தில். சவரக்கடைகளில் வெட்டுக்காயத்துக்குத் தடவும் அதே படிகாரம்தான், நாட்டு மருந்துக்கடையில் கிடைப்பது. முறை பழையது. துணியைச் சோப்புக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, பிறகு படிகாரக் கரைசலில் ஊறவைப்பது. சோப்பிலுள்ள கொழுப்பும் படிகாரத்திலுள்ள அலுமினியமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு பொருளாகி இழைகளுக்கிடையே தங்கிவிடும். துணி மூச்சுவிடும், தண்ணீர் முத்துமுத்தாக உருளும்.

எங்கள் துணியில் உருளவில்லை. சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கியது. இரண்டு நாட்கள் குழம்பிய பிறகுதான் விளங்கிற்று. நாங்கள் சீவிப் போட்டது துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கட்டி. பெயரில்தான் சோப்பு. அதில் அந்தக் கொழுப்பு இல்லை, ஆகவே படிகாரத்துடன் கூடி எதையும் உண்டாக்காது. துணியில் மிஞ்சியது தண்ணீரை வா வா என்று அழைக்கவும் செய்யும். முழுவதையும் அலசிவிட்டு, எண்ணெயில் காய்ச்சிய பழைய பாணிப் பார் சோப்பைத் தேடி வாங்கினோம். சேலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் அதுவும் நுரைக்காமல் திரிந்தது. கடினநீரின் சுண்ணாம்புச் சத்து சோப்பைத் தின்றுவிடுகிறது. பிடித்துவைத்த மழைநீரில் கரைத்தோம். மழையைத் தடுக்க மழையின் உதவியையே நாடவேண்டியிருந்தது. பத்து லிட்டருக்கு அரைக்கிலோ சோப்பு, பத்து லிட்டருக்கு அரைக்கிலோ படிகாரம் என்பது எங்கள் அளவு. நடுத்தையல் நெடுகிலும் தேன்மெழுகைத் தேய்த்து இஸ்திரிப்பெட்டியால் உருக்கி இறக்கினோம். மாடியில் நான்கு மூலையையும் கட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியபோது அடியில் நின்றவர் அம்மா. தலை நனையவில்லை.

ஏற்காட்டில் முதல் நாள் வானம் வெளுத்திருந்தது. மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே கயிறு கட்டிப் படுதாவை ஏற்றினோம். இரவு பதினொரு மணிக்கு மழை பிடித்தது. முதல் அரைமணி நேரம் பெருமிதமாகவே கழிந்தது. பிறகு கூரை தொய்ந்தது. கட்டியது நைலான் கயிறு. நனைந்தால் அது நீளும். பள்ளத்தில் குடம் தண்ணீர் தேங்கிவிட்டது. ஒருவர் அடியிலிருந்து தூக்கிப் பிடிக்க, மற்றவர் வெளியே போய் இறுக்கினார். இறுக்கியதும் கயிறு வழியாகவே தண்ணீர் ஓடிவந்து உள்ளே சொட்டத் தொடங்கியது.

டார்ச் வெளிச்சத்துடன் தோட்டத்துக் காவலாளிப் பெரியவர் வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு மேலே பார்த்தார்.

"கயிறே தண்ணிக்கு வழி காட்டுது பாருங்க தம்பி. நடுவுல ஒரு திரி தொங்க விடுங்க, அதுல இறங்கிப் போயிரும்."

இடுப்பிலிருந்து வாழைநார் ஒன்றை உருவி, படுதாவுக்கு ஒரு சாண் வெளியே கயிற்றில் முடிந்து தொங்கவிட்டார். ஓடிவந்த நீர் அந்த நாரைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கிற்று. மறுமுனைக்கும் ஒன்று கட்டினார். எங்கள் படிகாரத்தையும் மெழுகையும் பற்றி நாங்கள் விளக்க முற்பட்டதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புள்ளைய நடுவுல படுக்க வைங்க" என்று மட்டும் சொல்லிப் போனார்.

நடுவில் படுக்க வைத்தோம். ஆயிரத்து எண்ணூறு துளைகளுக்கு நேர் கீழே. அங்கே ஒரு சொட்டும் விழவில்லை. ஆனால் அவள் தூங்காமல், கைக்கெட்டிய சரிவில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்திருக்கிறாள். நனைந்த பருத்திக் கூரையை உள்ளிருந்து தொடவே கூடாது. தொட்ட இடத்தில் மேலிருக்கும் நீர்ப்படலம் விரலைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இறங்கிற்று. அவள் கன்னத்திலேயே சொட்டியது. "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்று அழத் தொடங்கினாள்.

இதற்கும் ஒரு வைத்தியம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் விரலையே பிடித்து, சொட்டிய இடத்தில் வைத்து, துணியை விட்டு எடுக்காமல் சரிவோடு கீழே விளிம்புவரை ஒரு கோடு இழுத்தோம். நீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு துணியின் அடிப்பக்கமாகவே வழிந்து வெளியே போய்விட்டது. சொட்டுவது நின்றது. அழுகையும் நின்றது. விளக்கைக் கொண்டுவரச் சொல்லி அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று போடட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றோம்.

காலையில் வெயில் ஏறியதும் துணி காய்ந்து கோடு மறைந்துவிட்டது. படுதாவை அவிழ்த்து மடிக்கும்போது, அது எந்தப் பக்கம் என்று அவள் துணியைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.