பெட்டகத்தை நலம் வினவுதல்

பொருளை ஈட்டுதல் ஒரு தொழில். ஈட்டியதைக் காத்தல் மற்றொரு தொழில். இவ்விரண்டினுள்ளும் காத்தலே அரிதென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், காத்தல் என்னும் தொழிலுள்ளும் இரண்டு கூறுகள் உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. பொருளைத் தக்கதோர் இடத்தில் வைத்துப் பூட்டுதல் ஒன்று. வைத்த பொருள் வைத்தவாறே இருக்கின்றதா என்று இடையறாது அறிந்துகொள்ளுதல் மற்றொன்று. நெல்லைக் குதிரிற் கொட்டி வாய் மூடிய அளவில் உழவனது கடமை தீர்ந்துவிடுவதில்லை. அந்து விழுந்ததோ, ஈரம் ஏறிற்றோ, எலி துளைத்ததோ என்று அவன் அடிக்கடி கைவிட்டுப் பார்க்கின்றான். யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது நெற்குதிரைப் பற்றியதன்று. எழுத்தும் ஒலியும் படமும் எண்வடிவாய் அடங்கிக் கிடக்கும் கணினிச் சேமிப்புப் பெட்டகத்தைப் பற்றியது. அதனுட் கைவிட்டுப் பார்க்கும் வழி யாது என்பதே எமது பொருள்.

யாம் ஒரு நூலகத்தின் கணினிப் பகுதியிற் பணிபுரிந்து வருகின்றோம். எமது பொறுப்பில் நான்கு பெட்டகங்கள் உள்ளன. இத்தகையவற்றை 'நாஸ்' என்று வழங்குவர். ஒரு தனிக் கணினியோடு கட்டுண்டு கிடவாமல், வலையமைப்பில் நேரே இணைந்து நின்று, கேட்போர் பலர்க்கும் கோப்புகளை எடுத்து வழங்குவது இவற்றின் இயல்பு. ஏட்டுச் சுவடிகளின் படங்களும், பழைய ஆண்டு மலர்களின் படிகளும், மாணவர்கள் ஊர் ஊராய்ச் சென்று பதிந்து வந்த நாட்டார் பாடல்களும் இவற்றுள் அடங்கியுள்ளன. அப்பாடல்களைப் பாடிய முதியோருட் சிலர் இன்று உயிரோடு இல்லை. சுவடியின் படம் அழிந்தால், சுவடி உள்ள வரையில் மீண்டும் படம் எடுக்கலாம். மறைந்தவரது குரலை மீண்டும் பதிதல் எவர்க்கும் இயலாது. ஆதலின், இப்பெட்டகங்களைக் காத்தல் வெறும் இயந்திரப் பராமரிப்பென்று எமக்குத் தோன்றியதில்லை.

ஒரு பெட்டகத்துள் 'ஹார்டு டிஸ்க்' எனப்படும் வட்டுகள் பல உண்டு. வட்டு ஒன்று என்றேனும் பழுதாகியே தீரும். இதனை எண்ணி, 1988-ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவர் 'ரெய்டு' என்ற அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலை மலிந்த வட்டுகள் பலவற்றை ஒருங்கு சேர்த்து, அவற்றுள் ஒன்று கெட்டாலும் பொருள் கெடாதவாறு செய்தலே அதன் கருத்து. நான்கு எண்களையும், அவற்றின் கூட்டுத்தொகையையும் தனித்தனி ஓலையில் எழுதி வைத்தோமாயின், எந்த ஓர் ஓலை தொலைந்தாலும் ஏனையவற்றைக் கொண்டு அதனைக் கணக்கிட்டு மீட்கலாம் அன்றோ? கணினி செய்யும் கணக்கு வேறு வகையினதாயினும், அடிப்படை இதுவே.

இவ்வமைப்பின் நன்மை எதுவோ அதுவே இதன் தீங்கிற்கும் வாயிலாகின்றது. வட்டு ஒன்று இறந்துபட்டாலும் கோப்புகள் முன்போலவே திறக்கின்றன. பாடல் முன்போலவே ஒலிக்கின்றது. பயன்படுத்துவோர் எவரும் குறை கூறுவதில்லை. ஓர் ஓலை தொலைந்ததென்று அறியாதவன், இரண்டாம் ஓலை தொலையும் நாளில் யாவற்றையும் இழக்கின்றான். பழுதைத் தாங்கும் அமைப்பு, பழுதை மறைக்கும் அமைப்புமாகும் என்பதை வாசிப்போர் கருத்தில் இருத்துவாராக.

இஃது எமது கற்பனையன்று. எமக்கு அறிமுகமான ஒரு நிறுவனத்தில் ஐந்து வட்டுகள் கொண்ட பெட்டகம் ஒன்று இருந்தது. ஒரு நாள் அஃது இடைவிடாது ஒலி எழுப்பிற்று. வேலைக்கு இடையூறாயிருந்தமையால், அவ்வழி வந்த ஒருவர் முகப்பிலிருந்த பொத்தானை அழுத்தி ஒலியை நிறுத்தினார். அதன் பின்னர், பூட்டிய அறைக்குள் ஒரு சிறு விளக்கு மட்டும் நிறம் மாறி எரிந்துகொண்டிருந்தது. ஐந்து திங்கள் கழிந்தன. இரண்டாம் வட்டும் வீழ்ந்தது. எம்மை அழைத்துக் காட்டியபோது, ஐந்தனுள் மூன்று வட்டுகள் யாதொரு பழுதுமின்றி இருந்தன. ஆயினும் பெட்டகம் திறக்கவில்லை. பதினோராண்டுப் பதிவுகள் அதனுள் இருந்தன. அங்கிருந்தோர் சோம்பலுடையவர் அல்லர். நல்ல பெட்டகத்தையே தேடி வாங்கியவர்கள். அவர்களிடம் இல்லாதது, அதனை நாள்தோறும் நலம் வினவும் ஏற்பாடு ஒன்றே.

அவ்வேற்பாடு அரியதோ புதியதோ அன்று. 1987-ஆம் ஆண்டிலேயே வலையமைப்பின் வாயிற் கருவிகளைக் கண்காணிக்க ஒரு நெறி வகுக்கப்பட்டது. அதனினின்று தோன்றிய 'சிம்பிள் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் புரோட்டோகால்', சுருக்கமாக எஸ்.என்.எம்.பி., 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. ரெய்டுக் கட்டுரை வந்ததும் அதே ஆண்டில் என்பது கருதத்தக்கது. பழுதைத் தாங்கும் முறையும், பழுதை வினவி அறியும் முறையும் ஓராண்டில் தோன்றிய உடன்பிறப்புகள் போல்வன. முன்னதை விலை கொடுத்து வாங்குவோர் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

இந்நெறியின் அமைப்பு எளிது. பெட்டகத்துள் 'ஏஜென்ட்' என்னும் சிறு நிரல் ஒன்று விழித்திருக்கும். வேறோர் இடத்திலிருக்கும் கண்காணிப்புக் கணினி அதனிடம் வினாக்களை விடுக்கும். வினாவும் விடையும் சொற்களால் அமைவன அல்ல, எண்களால் அமைவன. ஒரு கடிதத்தின் முகவரியில் நாடு, மாவட்டம், ஊர், தெரு, கதவிலக்கம் என ஒன்றனுள் ஒன்று அடங்கி வருதல்போல, 1.3.6.1.4.1 என்று தொடங்கும் எண்வரிசை, தனி நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்ட கிளையைக் குறிக்கும். அதன்பின் 789 என வரின் நெட்ஆப், 6574 என வரின் சினாலஜி, 24681 என வரின் க்யூநாப். சான்றாக, 6574-இன் கீழ் 2.1.1.5 என்னும் இடத்தில் வட்டுகளின் நிலை கிடைக்கும். விடை 1 எனின் நலம். 5 எனின் வட்டு வீழ்ந்தது. 3.1.1.3 என்னும் இடத்தில் வட்டுகள் சேர்ந்த தொகுதியின் நிலை கிடைக்கும். அங்கே 1 நலம்; 11 எனின் ஒன்றை இழந்து தளர்ந்து நிற்கின்றது; 2 எனின் பழுது நீங்கி வருகின்றது; 12 எனின் தொகுதி வீழ்ந்தது. எந்த எண்ணிற்கு என்ன பொருள் என்று கூறும் அகராதிக்கு 'மிப்' என்று பெயர்.

செய்தி அறிதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெட்டகம் தானே கூவி அறிவித்தல் ஒன்று; இதனை 'டிராப்' என்பர். யாமே குறித்த காலத்துக்கு ஒருமுறை சென்று கேட்டல் மற்றொன்று. தானே அறிவிக்குமாயின் கேட்பானேன் என்று சிலர் வினவுவர். டிராப் என்பது அஞ்சலட்டை போன்றது. வழியில் தொலைந்தால் போட்டவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. சேர்ந்ததற்கு மறுமொழி பெறும் 'இன்ஃபார்ம்' என்ற முறை பின்னர் வந்தது உண்மையே. எனினும், மின்சாரம் அற்று வீழ்ந்த பெட்டகம் எந்த அட்டையைத்தான் போடும்? இறந்தவன் தன் இறப்பை அறிவிப்பதில்லை. கூவாமையை மட்டும் கொண்டு நலம் என்று துணிவோர், நலத்தையும் மரணத்தையும் வேறு பிரித்தறிய இயலாதவராகின்றனர். கேட்கும் வழியிலோ, விடை வாராமையே ஒரு விடையாகும். ஆதலின் யாம் இரண்டு வழிகளையும் வைத்துள்ளோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 288 முறை, ஒவ்வொரு பெட்டகமும் நலம் வினவப்படுகின்றது. இருமுறை தொடர்ந்து விடை வாராதாயின் எமது கைப்பேசி ஒலிக்கும்.

ஒரு கோடை இரவில், இரண்டு மணியளவில், அஃது ஒலித்தது. மூன்றாம் வட்டின் எண் 1-லிருந்து 5-ஆகவும், தொகுதியின் எண் 11-ஆகவும் மாறியிருந்தன. பாடற்பதிவுகள் இருந்த பெட்டகம் அது. அவற்றின் மறுபடி வேறொரு கட்டடத்தில் முழுமையாய் இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, விடிந்தவுடன் சென்று, முன்னரே வாங்கி வைத்திருந்த வட்டொன்றைப் பொருத்தினோம். எண் 2 என்று மாறிற்று. 12 டெராபைட்டு அளவுள்ள வட்டை நொடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் எழுதி நிரப்புதற்கு ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் எஞ்சிய வட்டுகள் ஓய்வின்றி உழைக்கவேண்டும்; அவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் தொகுதி போயிற்று. அன்று பகல் முழுதும் மாணவர்கள் வழக்கம்போல் வந்து பாடல்களைக் கேட்டுச் சென்றனர். ஒரு மூதாட்டியின் தாலாட்டை இருவர் மும்முறை கேட்டு எழுதிக்கொண்டிருந்தனர். அக்குரல் எத்தகைய நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்ததென்பதை அவர்கள் அறியார்; அறியவேண்டுவதும் இல்லை. மறுநாட் காலையில் எண் 1 என்று வந்தது. அவ்வோர் எண்ணைக் கண்டு யாம் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் அடக்குதல் எளிதன்று.

பழுதைக் காட்டும் எண்கள் மட்டுமேயன்றி வேறு சிலவும் வினவத்தக்கன: வட்டின் வெப்பம், மின்வழங்கி, விசிறி, எஞ்சிய இடம். ஒரு வட்டின் வெப்பம் மட்டும் ஏறின் குறை அவ்வட்டிலோ அதன் பக்கத்திலோ இருக்கும். எல்லா வட்டுகளும் ஒருங்கே சூடேறின் அறையின் குளிர்சாதனம் நின்றதென்று கொள்ளலாம். எண்ணை அறிதலோடு எண்ணின் எல்லையையும் அறிதல் வேண்டும். இடத்தின் அளவைக் கூறும் பொதுவான மிப் ஒன்றில் விடை 2,147,483,647-க்கு மேற்பட இயலாது. அலகு 4,096 பைட்டாயின், ஏறக்குறைய 8.8 டெராபைட்டிற்கு மேல் அக்கணக்கு நில்லாது; சில பெட்டகங்கள் எதிர்மறை எண்ணையே விடையாய்த் தருதல் கூடும். அதனைக் கண்டு கலங்காமல், 64 பிட்டு எண்ணாய் விடை தரும் வேறிடத்தைத் தேடிக் கேட்டல் அறிவுடைமை.

இனி, இக்கண்காணிப்பு வருவதுரைக்கும் சோதிடம் அன்று என்பதையும் கூறவேண்டும். வட்டுகள் தம் நலத்தைத் தாமே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற குறிப்புகளை, கூகிள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளில் ஆராய்ந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வீழ்ந்த வட்டுகளுள் 36 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, வெப்பம் ஒழிந்த ஏனைக் குறிப்புகள் எதிலும் முன்னடையாளம் காட்டவில்லையென்று அவர்கள் கண்டனர். எனவே, வினவுதல் மறுபடி எடுத்து வைத்தலுக்கு மாற்றாகாது. அது வீழ்ச்சியைத் தடுப்பதில்லை. வீழ்ச்சிக்கும் நமது செயலுக்கும் இடைப்பட்ட காலத்தை ஐந்து திங்களிலிருந்து ஐந்து நிமிடமாய்க் குறைக்கின்றது. முதல் வட்டு வீழ்தலுக்கும் இரண்டாவது வீழ்தலுக்கும் இடையிலுள்ள அவகாசத்தை நமக்குப் பயன்படச் செய்வதே அதன் தொழில்.

நலம் வினவும் உரிமையைக் கண்டவர்க்கெல்லாம் அளித்தலும் தகாது. இந்நெறியின் முதற் பதிப்பிலும், 1996-இல் வந்த 2சி பதிப்பிலும் அடையாளச் சொல் மறைப்பின்றியே செல்கின்றது. பல கருவிகளில் அச்சொல் 'பப்ளிக்' என்றே தொடக்கத்தில் அமைந்திருத்தலின், மாற்றாது விட்டால் திறவாத கதவுக்குத் திறவுகோலை வாயிலிலேயே தொங்கவிட்டது போலாம். 2002-இல் நிலைபெற்ற மூன்றாம் பதிப்பில் ஆளை உறுதி செய்தலும் செய்தியை மறைத்தலும் உண்டு. பெட்டகம் இடங்கொடுப்பின் அதனையே கொள்க. படிக்கும் உரிமை போதும். மாற்றும் உரிமை வேண்டா.

இறுதியாக ஒன்று. காவலனையும் காவல் செய்தல் வேண்டும். கண்காணிப்புக் கணினி நின்றுபோனால், எல்லாம் நலமென்ற தோற்றமே எஞ்சும். ஆதலின், எமது கணினியை மற்றொரு சிறு கணினி வினவுகின்றது. திங்கட்கு ஒருமுறை யாமே வேண்டுமென்று பொய்யான எச்சரிக்கை ஒன்றை எழுப்பி, அது வந்து சேர்கின்றதா என்று பார்க்கின்றோம். சிறு குறைக்கெல்லாம் ஒலிக்கும் மணியை மக்கள் நிறுத்திவிடுவர். ஆதலின், எழுந்து செல்லவேண்டிய குறைக்கு மட்டுமே இரவில் ஒலிக்குமாறு வைத்துள்ளோம். அன்றியும், அறிவிப்பு 'அலுவலகத்தார்க்கு' என்று செல்லலாகாது. இன்னாருக்கு, அவர் இல்லையேல் இன்னாருக்கு என்று ஆள் குறித்துச் செல்லவேண்டும். எல்லோர்க்கும் உரிய கடமை ஒருவர்க்கும் உரியதன்று என்பதை அந்நிறுவனத்து ஒலிப்பொத்தான் எமக்குக் கற்பித்தது.

மாணவ நண்பர்காள்! உங்களிற் பலர் நாளை நூலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய பெட்டகங்களின் பொறுப்பை ஏற்பீர்கள். நல்ல பெட்டகத்தை வாங்கியதோடு கடமை முடிந்ததென்று கருதாதீர். நிறுவிய அன்றே அதன் ஏஜென்டை எழுப்பி, அகராதியைத் தேடி எடுத்து, வினவத் தொடங்குங்கள். அது பேசாதிருக்கும் நாட்களிலும் வினவுங்கள். அந்நாட்களிலே சிறப்பாக வினவுங்கள். முன்னோர் குரல்கள் பின்னோர் செவியைச் சென்று சேர்தற்கு, இடையில் நிற்கும் நாம் நாள்தோறும் செய்யவேண்டிய பணி இச்சிறு வினாவே. அதனைத் தளராது செய்வோமாக.