இருபது டாலர்

அக்டோபரில் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கிப் பருவம் தொடங்குமுன், கற்பனை அணிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க உதவும் இரண்டு வழிகாட்டிகளை எங்கள் மகன் விரித்து வைத்தான். டொராண்டோவில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியம். மஃரிபுக்குப் பின் நாங்களும் அமர்ந்து ஒப்பிட்டோம். ஒன்று கோல்களையும் கோலுக்கு உதவியதையும் மட்டுமே எண்ணியது. மற்றது உடல் மோதல்களுக்கும் தடுத்த அடிகளுக்கும் புள்ளி தந்தது. அதனால் ஒரே தற்காப்பு வீரர் ஒன்றில் மேலே, மற்றதில் வெகு கீழே. இரண்டிலும் அவன் முதலில் தேடியது நஸீம் காத்ரியை; 2022இல் ஸ்டான்லி கோப்பையை ஒன்டாரியோவின் லண்டன் நகரப் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தவர் அல்லவா!

நண்பர்கள் ஆளுக்கு 20 டாலர் போட, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொள்வார் என்பதைப் பிறகுதான் சொன்னான். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் விலக்கிய சூது அது. பணமின்றிச் சேர்ப்பார்களா எனக் கேட்கச் சொன்னோம். தயங்கித் தயங்கிக் கேட்டான். இருவர் சிரித்தார்களாம், மூவர் தாங்களும் பணமின்றியே ஆடுவதாகக் கூறினராம். இப்போது காத்ரி யாருக்கு என்பதில்தான் வழக்கு.