ஒரு பொறிக்காக

படகுக்குத் துடுப்புப் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்துக்காரர்கள் ஒரு கதை சொல்லுவார்கள். நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் தம் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாராம்; திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டதாம். கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் 1909-ல் அவர் படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாரை விற்க ஆரம்பித்தது வாஸ்தவம். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்று போயிற்று. பழைய மோட்டார்கள் மட்டும் நிற்கவில்லை. அவற்றை நிற்கவிடாத பித்தர்கள் அந்தத் தேசத்தில் ஏராளம்.

அப்படிப்பட்ட பித்தர் ஒருவரை அங்கே ஓர் ஏரிக்கரையில் சந்தித்தேன். எழுபத்தைந்து வயது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவர் கொட்டகையில் இரண்டு மோட்டார்கள். ஒன்று அவருடைய தகப்பனார் 1956-ல் வாங்கியது. மற்றது 1980-களில் அவரே வாங்கியது. இரண்டுக்கும் ஒரே வியாதி: பொறி இல்லை.

தகப்பனாரின் மோட்டாரை முதலில் எடுத்தார். பேரன் பாட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டான். பிளைவீலை, சுத்தியல் படாமல், புல்லர் போட்டு மெதுவாகத் தூக்கினார். உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள்: இரண்டு காயில், இரண்டு கண்டென்ஸர், இரண்டு ஜோடி பாயிண்ட். பிளைவீலிலுள்ள காந்தம் காயிலைக் கடந்து சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. சரியான க்ஷணத்தில் பாயிண்ட் திறந்து அதைத் துண்டிக்க, பிளக்கில் பொறி பாய்கிறது. பாட்டரியே வேண்டாம். காயிலின் உறை வெடிப்புக் கண்டிருந்தது. அதில் ஈரம் புகுந்துவிட்டால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும்.

மருமகன் மின்சாரப் படிப்புப் படித்தவர். பாயிண்டை எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் வில்லை வைத்தால் தேயவும் தேயாது, தீயவும் தீயாது என்றார்.

கிழவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொரு வசந்தத்திலும் அப்பா இந்தப் பாயிண்டுக்கு அரம் போடுவார். விளக்குப் பிடிப்பது நான்" என்றார்.

காயிலும் கண்டென்ஸரும் புதிதாக வந்தன. பாயிண்ட் பழையதே. அதைத் தேய்த்துத் துடைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு இடைவெளி வைத்தார். பிளைவீலை மாட்டிக் கயிற்றை இழுத்தபோது, கால் அங்குலத்தைத் தாண்டி நீலப் பொறி பாய்ந்தது. பையன் கூச்சலிட்டான்.

மருமகன் சொன்னதும் தப்பில்லை; வில்லையும் பொறி கொடுத்திருக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கில் எண்ணெயும் திரியும் மாறுகின்றன; விளக்கு பாட்டியுடையதுதான். எது திரி, எது விளக்கு என்று தீர்மானிக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

இரண்டாவது மோட்டாரில் பாயிண்ட் கிடையாது. ஏறத்தாழ 300 வோல்ட்டைச் சேமித்து, ஒரே அடியில் காயிலுக்குள் கொட்டும் எலெக்ட்ரானிக் பெட்டி இருந்தது. பலத்த பொறி; வருஷக்கணக்கில் தொடவே வேண்டாம். ஆனால் உள்ளே ரெசினை ஊற்றி மூடியிருந்தார்கள். கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். பத்தே நிமிஷத்தில் மாற்றிவிட்டு, பழைய பெட்டியைக் குப்பைக் கூடையில் போட்டார்.

பேரனைத் தேடினேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று விளக்கை வைத்துவிட்டு எப்போதோ ஏரிக்குப் போய்விட்டிருந்தான்.