ஹந்தானை மலையும் ஒரு சோடி அன்ரெனாவும்

பேராதனை வளாகத்தில் வாழ்ந்தவர் எவருக்கும் ஹந்தானை மலை ஓர் அழகுக் காட்சி. எனக்கோ அது 2021 ஆம் ஆண்டிலே ஒரு கணக்காக மாறிற்று. மலையின் அப்பக்கத்தே, கலஹாவுக்கும் அப்பால், ஒரு தோட்டப் பாடசாலை உண்டு. நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த அக்காலத்தில், அதன் உயர்தர மாணவர் இணையவழி வகுப்புக்காகத் தேயிலைச் சரிவின் உச்சியில் ஏறி நின்றனர். சிறிய இணையச் சேவையாளர் ஒருவர் நுண்ணலை இணைப்பொன்றை அங்கே கொண்டுசெல்ல முன்வந்தார். கருவியைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

நுண்ணலைக்கு இரு அன்ரெனாக்களும் ஒன்றையொன்று காணவேண்டும். எனவே மலைமுகட்டில் ஓர் இடைநிலையம். அங்கிருந்து பாடசாலைக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர். விற்பனையாளரின் விவரக்கொத்திலே 23 கிகாஹேட்ஸ் கருவியொன்று கண்ணைப் பறித்தது. சிறிய தட்டு, செக்கனுக்கு 400 மெகாபிட், பதினைந்து கிலோமீற்றர்வரை எட்டும் என்ற உறுதி. வாங்கினோம்.

பொருத்திய அன்று பாடசாலைக் காவலாளியான முதியவர் என்னைக் கேட்டார்: "மழ வந்தா அந்த மலையே தெரியாதுங்களே சேர், ஒங்க பெட்டிக்கு மட்டும் தெரியுமா?" மூடுபனி இவ்வலையைப் பெரிதும் தடுக்காது என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டது மழையைப் பற்றி. நான் விடையிறுத்தது பனியைப் பற்றி.

ஐப்பசி பிறந்தது. இடைப்பருவ இடிமழை மாலை நான்கு மணிக்கு வந்தது. வகுப்பும் நான்கு மணிக்கே. 23 கிகாஹேட்ஸில் அலையின் நீளம் பதின்மூன்று மில்லிமீற்றரே. பருத்த மழைத்துளி அத்தகைய அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவிக்கும். மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதம் பொழியும் மழையில் ஒவ்வொரு கிலோமீற்றரும் பத்து டெசிபலுக்கு மேல், அதாவது பத்திலொரு பங்குக்கும் கீழாக, வலுவைக் குறைத்துவிடும். விவரக்கொத்தின் பதினைந்து கிலோமீற்றர் மிதமான மழை பெய்யும் நாட்டுக்குக் கணித்த தூரம். அடிக்குறிப்பிலே அது சொல்லப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்க இருந்தது.

7 கிகாஹேட்ஸுக்கு இறங்கினால் அதே மழையில் இழப்பு கிலோமீற்றருக்கு இரண்டு டெசிபலுக்கும் குறைவு. ஆனால் அலை நீள நீள அது கேட்கும் வழியும் அகலுகின்றது. பிறெனெல் வலயம் எனப்படும் அவ்வெளியின் ஆரம், வழியின் நடுவிலே, ஐந்தரை மீற்றரிலிருந்து ஏறத்தாழப் பத்தாக விரிந்தது. முன்னர் கவலை தராத பைன் மரங்கள் இப்போது குறுக்கே நின்றன. கம்பத்தை உயர்த்த வேண்டியதாயிற்று. தட்டும் பெரிதாயிற்று, காற்றின் விசையும் கூடிற்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் புதிய அலைவரிசைக்கு அனுமதி பெறவேண்டியிருந்தது. வேகமோ கால்வாசியாகச் சுருங்கிற்று.

சுருங்கினால் என்ன? இதே மலைநாட்டில், 1990களின் இறுதியில், யுனெஸ்கோவின் துணையோடு கொத்மலைச் சமூக வானொலி செக்கனுக்கு வெறும் 64 கிலோபிட் இணைப்பை வைத்துக்கொண்டு, நேயர் கேட்டவற்றை இணையத்தில் தேடி ஒலிபரப்பியது. வகுப்பொன்றுக்கு வேண்டுவது அறுபடாத இணைப்பு.

மார்கழி நடுவில் புதிய சோடி இயங்கத் தொடங்கிற்று. இடையே ஏறத்தாழ இரண்டு மாத வகுப்புகள் மழையோடு போயின. கழற்றிய முதற் சோடி பாடசாலைக் களஞ்சியத்திலே கிடக்கின்றது. சென்ற முறை போனபோது, காவலாளி அதன்மேல் தம் குடையை மாட்டியிருந்தார்.