கிணத்துல கிடைச்ச பாட்டில்

போன சித்திரையில கிணறு தூர் வாரினப்போ சேத்தோட ரெண்டு கண்ணாடி பாட்டில் மேல வந்துச்சு. ஒண்ணு கோலி சோடா பாட்டில். இன்னொண்ணு பச்சை நிறத்துல சின்ன மருந்து பாட்டில். ரெண்டும் வெள்ளைக்காரன் காலத்துதுன்னு நெனச்சு, சாம்பல் போட்டுத் தேய்ச்சு வச்சேன்.

அப்புறம்தான் கொஞ்சம் படிச்சேன். கோலி பாட்டிலுக்கு இங்கிலாந்துல ஹிராம் காட் என்பவர் 1872-ல் காப்புரிமை வாங்கினார். ஆனா நம்மூர்ல அது நேத்து வரைக்கும் ஓடுச்சு. கோலி இருக்குன்னு நூறு வருசம் போட்டுற முடியாது.

பார்க்க வேண்டியது, அச்சு ரெண்டும் சேர்ந்த இடத்துல பக்கவாட்டுல ஓடுற மெல்லிசான கோடு. அது கழுத்தோட நின்னா, பெரும்பாலும் வாயை மட்டும் கையால முடிச்ச பழைய பாட்டில். வாய் விளிம்பு வரைக்கும் ஏறினா மிஷின்ல செஞ்சது. 1903 வாக்கில் அமெரிக்காவுல ஓவன்ஸ் மிஷின் வந்த பிறகு பரவின வகை.

மருந்து பாட்டிலை நகத்தால தடவிப் பார்த்தேன். கோடு விளிம்பு வரைக்கும் போகுது. சப்புன்னு ஆயிருச்சு.

அம்மா வாங்கிப் பார்த்தாங்க. "இது உங்கப்பத்தா ஓமத்தண்ணி பாட்டில்டா. நான்தான் தொலைச்சேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கயித்துல கட்டி மீன் பிடிக்க விட்டது நான்தான். எட்டு வயசு இருக்கும். அடி விழும்னு வாயே திறக்கல.

அன்னிக்கு ராத்திரி சோறு போடுறப்போ அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. பாட்டிலை எடுத்துட்டுப் போய் அப்பத்தா படத்துக்குக் கீழ வச்சாங்க.