சனிக்கிழமையின் மூன்றாவது கிண்ணம்

தில்லி முனிர்காவின் குறுகலான சந்தொன்றில், மூன்றாம் மாடி அறையைப் பகிர்ந்துகொண்ட இரு ஆய்வு மாணவியரிடம் சனிக்கிழமை இரவுக்கென ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி இம்பாலைச் சேர்ந்தவள், மொழியியல் துறை. மற்றவள் தேனிப் பக்கத்துக்காரி, வரலாறு. சொத்தென்று சொல்ல ஒரு மின்னடுப்பு, ஒரு குக்கர், கீல் தளர்ந்த ஒரு மடிக்கணினி. அன்றிரவு பார்க்கப்போகும் கொரியத் தொடரின் அத்தியாயத்துக்கு ஏற்பச் சமைப்பார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் காலங்களில் சமையல் சுருங்கியதேயன்றி வழக்கம் நின்றதில்லை.

அவர்கள் சமைத்தது கொரிய உணவு அன்று. திரையில் தெரியும் பண்டத்தை யூடியூபைப் பார்த்து நகலெடுப்பது இருவருக்கும் உவப்பில்லை. அதற்கான பணமும் இல்லை. அவர்கள் வகுத்துக்கொண்ட விதி வேறு. அந்தப் பண்டம் அந்தக் கதையில் என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத் தம் வீட்டில் செய்த பண்டம் எது என்று தேட வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த விதி, பல இரவுகளில் ஆய்வேட்டு இயல்களைவிட அதிக விவாதத்தைக் கிளப்பியது.

எடுத்துக்காட்டாக மியொக்குக் என்னும் கடற்பாசிச் சூப். கொரியத் தொடர்களில் பிறந்தநாள் காலையில் இந்தச் சூப் வராமல் இராது. பிறந்தநாள் என்றதும் தேனிக்காரி பாயசம் என்றாள். இம்பால்காரி ஒப்பவில்லை. கொரியாவில் அது பிள்ளை பெற்ற தாய்க்கு முதலில் ஊட்டப்படும் உணவு. ஆண்டுதோறும் பிறந்தநாளில் அதை அருந்துபவர் தம் பிறப்பைக் காட்டிலும் தாயின் பேற்று வலியையே நினைவுகூர்கிறார். அப்படியிருக்கப் பாயசம் எப்படி இணையாகும்? அரைமணி நேர வாதத்துக்குப் பின் தேனிக்காரி தோற்றாள். தோற்றதில் மகிழ்ந்தாள் என்றும் சொல்லலாம். அவ்வாண்டு அவள் பிறந்தநாளுக்கு அறையில் வைக்கப்பட்டது பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பூண்டுக் குழம்பு. ஊரிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில் பக்குவம் கேட்டபோது மறுமுனையில் எழுந்த மௌனத்தையும், அதைத் தொடர்ந்து வந்த கேள்வியையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அதே சூப்பைத் தேர்வு நாளில் கொரியர்கள் தொடமாட்டார்கள். கடற்பாசி வழுக்கும், தேர்விலும் வழுக்கிவிடும் என்பது நம்பிக்கை. இந்தத் தர்க்கத்தை வெண்டைக்காய்க்கு நீட்டினால் தமிழ்த் தாய்மார் அனைவரும் குற்றவாளிகள். வழுவழுப்பைப் பொருட்படுத்தாமல், கணக்கு வரும் என்று சொல்லி அதையே இலையில் குவிப்பவர்கள் அவர்கள்.

இம்பால்காரிக்குக் கொரியத் தொடர் என்பது பெருந்தொற்றுக் கால முடக்கத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அன்று. 2000-ஆம் ஆண்டு மணிப்பூரின் ஆயுதக்குழு ஒன்று இந்தித் திரைப்படங்களுக்குத் தடை விதித்தது. திரையரங்குகளிலும் கேபிள் இணைப்புகளிலும் உண்டான வெற்றிடத்தில் கொரியாவின் அரிராங் தொலைக்காட்சி புகுந்தது. மியன்மார் எல்லையிலுள்ள மோரே வழியாகக் குறுவட்டுகள் குவிந்தன. கொரிய அலை என்று உலகம் பேசத் தொடங்கும் முன்பே இம்பால் கடைத்தெருவில் அதன் நடிகர்களின் சிகையலங்காரம் வந்துவிட்டது. தேனிக்காரியின் அறிமுகம் சற்றுப் பிந்தியது. 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி தமிழில் மொழிமாற்றி ஒளிபரப்பிய தொடர்களே அவள் தொடக்கம். அம்மா, அப்பா என்னும் அழைப்புகள் கொரியத்திலும் ஏறத்தாழ அவ்வாறே ஒலிப்பதைக் கேட்டு அவளும் பள்ளி நாள்களில் புல்லரித்தவள்தான். திராவிட மொழிகளோடு கொரியத்தை ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் நூலே எழுதினார் என்பதும், இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை என்பதும் அறைத்தோழி சொல்லித் தெரிந்தவை. குழந்தையின் வாயில் முதலில் அமையும் ஒலிகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. உறவைச் சொற்பட்டியலில் தேடுவதைவிட அடுப்பங்கரையில் தேடுவது பயன் தரும் என்பது இம்பால்காரியின் கட்சி.

அவள் கட்சிக்கு வலுவான சான்று சோயாமொச்சை. மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகூனி, மேகாலயத்தின் துங்ரிம்பாய், சிக்கிம்-டார்ஜிலிங் பகுதியின் கினெமா, கொரியாவின் சொங்குக்ஜாங் எல்லாம் ஒரே குடும்பம். சோயாமொச்சையை வேகவைத்து, இலையிலோ வைக்கோலிலோ பொதிந்து, கதகதப்பில் சில நாள் விட்டுவிட்டால், பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் நுண்ணுயிர் எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிசுபிசுப்பான நூல் இழையும்; வாடை எழும். அந்த வாடைக்குத் தில்லியில் ஒரு வரலாறு உண்டு. 2007-இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாநில மாணவர்களுக்கென வெளியிட்ட அறிவுரைக் கையேடு, மூங்கில் குருத்தும் அகூனியும் போன்ற ‘வாடையடிக்கும்’ பண்டங்களை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைக்கும்படி கூறியது. பின்னர் 2019-இல் இந்த வாடையையே மையமாக வைத்து ‘அக்சோன்’ என்ற திரைப்படமும் வந்தது.

கையேடு மறக்கப்பட்டாலும் அதன் மனநிலை மாடிப்படிகளில் இன்னும் குடியிருக்கிறது. அவ்வீட்டின் உரிமையாளர் அம்மையார் தரைத்தளத்திலிருந்தபடியே மூன்றாம் மாடிக் குக்கரின் உள்ளடக்கத்தை மோந்தறியும் திறன் பெற்றவர். அவருடைய கல்லூரி மகளோ கொரியத் தொடர்களின் தீவிர ரசிகை. ஹுமாயூன்பூரில் நண்பர்களோடு கிம்ச்சிக் குழம்பு சாப்பிட்ட படங்களைப் பெருமையோடு பகிர்பவள். நொதித்த முட்டைக்கோஸ் கொரியாவிலிருந்து வந்தால் நாகரிகம். நொதித்த மொச்சை இம்பாலிலிருந்து வந்தால் புகார். இந்த முரணைச் சுட்டி இம்பால்காரி ஒருநாளும் சண்டையிட்டதில்லை. ஹவாய்ஜார் சமைக்கும் இரவுகளில் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவைப்பாள், அவ்வளவே.

கொரியத் தொடர்களின் சாப்பாட்டுக் காட்சிகளை எல்லாம் அன்பின் வெளிப்பாடாகக் கொள்வது வெகுளித்தனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010-இல் அந்நாட்டு ஒளிபரப்பு விதிகள் தளர்த்தப்பட்டபின், கதைமாந்தர் கையில் பிடிக்கும் பண்டங்கள் பல பணம் கொடுத்து வைக்கப்பட்டவை. காதலர் பிரிவதும் கூடுவதும் ஒரே சாண்ட்விச் கடையில் நிகழ்வதற்குக் காரணம் விதி அன்று, விளம்பர ஒப்பந்தம். அத்தகைய காட்சி வரும்போது சமைப்பதில்லை என்பது இவர்களின் துணைவிதி. அன்றைக்குப் பிஸ்கட் மட்டும்.

அந்தச் சலிப்பையெல்லாம் போக்கிய தொடர் ‘ரிப்ளை 1988’. 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒளிபரப்பான இருபது அத்தியாயங்கள்; சியோலின் ஸாங்முன்தொங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. முதல் அத்தியாயத்தில் ஓர் இரவுணவு வேளை வருகிறது. ஒரு தாய் தன் பிள்ளையிடம் ஒரு தட்டைக் கொடுத்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறாள். அவ்வீட்டார் வெறுந்தட்டைத் திருப்பாமல் தங்கள் பங்கை வைத்து அனுப்புகிறார்கள். தட்டுகளோடு பிள்ளைகள் சந்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஒருவரையொருவர் கடந்து, கடைசியில் எல்லா வீட்டு மேசையிலும் எல்லா வீட்டுப் பண்டமும் நிறைகின்றன. குடும்பத்தைக் குறிக்கும் கொரியச் சொற்களுள் ஒன்றான ஷிக்கூ, ‘உண்ணும் வாய்கள்’ என்று பொருள்படும் சீன எழுத்துகளால் ஆனது. அந்தக் காட்சியில் அந்தச் சொல்லின் எல்லை ஒரு சந்தளவுக்கு அகன்றுவிடுகிறது.

அதே அத்தியாயத்தில்தான் நடுமகள் தொக்சுன் வெடிக்கிறாள். அக்காளோடு சேர்த்துத்தான் அவளுக்கும் பிறந்தநாள். பொரித்த முட்டை அக்காளுக்கும் தம்பிக்கும். கோழிக்கால் அவர்களுக்கு, இறக்கை இவளுக்கு. தேனிக்காரி அன்று அடுப்பிலிருந்து திரும்பவில்லை. அவள் வீட்டில் இருந்தவை ஒரு கோழியும் இரண்டு அண்ணன்மாரும். அந்த இரவுக்கு அவர்கள் சமைத்தது முட்டைப் பொரியல் மட்டுமே. தலைக்கு இரண்டு முட்டை.

தலைகள் அப்போது மூன்று. நான்காம் மாடியில் சுராசாந்த்பூரைச் சேர்ந்த குக்கி மாணவி ஒருத்தி இருந்தாள். சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வருவாள். துணையுரை தோன்றுமுன்பே வசனத்தைப் புரிந்துகொண்டு சிரிப்பாள். அத்தனை ஆண்டுப் பழக்கம் அவளுக்கும். ஹவாய்ஜாரில் மிளகாய் போதாது என்பது அவளுடைய நிரந்தரக் குறை. மூன்று கிண்ணங்களும் சரோஜினி நகர் சந்தையில் ஒரே நாளில் வாங்கியவை.

2023 மே 3. அதற்குப் பின் நடந்தவற்றை இப்பதிவைப் படிப்பவர்கள் அறிவார்கள். 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; சுமார் 60,000 பேர் வீடிழந்தனர். மெய்தேய்களும் குக்கிகளும் கலந்து வாழ்ந்த ஊர்கள் சில நாள்களில் இல்லாமற்போயின. இணையம் துண்டிக்கப்பட்டது. இம்பால்காரியின் இமா, அதாவது அம்மா, சாதாரண அழைப்பில் பேசுவார். பேச்சின் பாதியில் இணைப்பு அறும். எல்லைக் கிராமமொன்றில் இருந்த சித்தியின் வீடு எரிந்த செய்தி வந்தது. மேல்மாடிக்காரியின் குடும்பம் நிவாரண முகாமில் இருப்பதாக மற்றவர்கள் வழியே தெரிந்தது. அவள் சனிக்கிழமைகளில் இறங்கி வரவில்லை. எவரும் எவரையும் ஏசவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோரம் ஒதுங்கி மற்றவருக்கு வழிவிட்டார். தேனிக்காரி இருவரிடமும் பேசினாள். பேசியதில் பெரும்பகுதி தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது.

தொடர் ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுபோனது. சந்தில் தட்டுகள் ஓடும் கதையைப் பார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

ஜூலையின் இறுதியில், மணிப்பூரில் அகலக்கற்றை இணைப்பு நிபந்தனைகளோடு மீண்ட வாரத்தில், இமாவின் முகத்தை இம்பால்காரி ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் திரையில் கண்டாள். எல்லா அம்மாக்களையும்போல இமா முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்பது. அன்று மாலை அவள் சாகெம்பொம்பா வைத்தாள். நொய்யரிசியும் ஹவாய்ஜாரும் கீரையும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் பண்டம். மழைக்கும் காய்ச்சலுக்கும் ஏற்றது. ஈரத்துண்டைக் கதவிடுக்கில் செருகினாள். ஆறாம் அத்தியாயத்தைத் திறந்துவைத்தாள். பரிமாறியபோதுதான் கவனித்தாள்: கை பழக்கத்தில் மூன்று கிண்ணங்களை எடுத்திருந்தது.

மூன்றாவதை மீண்டும் குக்கரில் கொட்டிவிடலாம். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்றும் சொல்லாமல் தேனிக்காரியின் பக்கம் நகர்த்தினாள். ஸாங்முன்தொங்கின் பிள்ளைகளைப்போல் தட்டேந்தி ஓடும் வயது கடந்துவிட்ட ஒருத்தி, வரலாற்றில் முனைவர் பட்டம் பெறவிருப்பவள், கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு படியேறினாள். மேலே கதவு திறந்தது. மூடியைத் தூக்காமலே என்னவென்று தெரிந்திருக்கும். வாடைக்கு மூடி கிடையாது. மேல்மாடிக்காரி யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை கதவுப்பிடியில் துணிப்பை ஒன்று தொங்கியது. உள்ளே கிண்ணம், கழுவித் துடைத்தது, வெறுமையாக. தேனிக்காரிக்கு அது உறுத்தியது. வெறும் பாத்திரத்தைத் திருப்பக்கூடாதென்று வளர்ந்தவள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையேனும் போட்டுத்தான் அவள் வீட்டில் பாத்திரம் திரும்பும். அவள் முகத்தைப் பார்த்த இம்பால்காரி, “கழுவித்தானே வந்திருக்கிறது” என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் கிண்ணம் மேலே சென்றது. அதற்கடுத்த சனிக்கிழமையும். இரண்டு முறையும் கழுவித் துடைத்து வெறுமையாகவே திரும்பியது. தேனிக்காரி உறுத்தலை வெளியே காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். மேல்மாடிக்காரி கீழே வரவில்லை. அழைக்கவும் எவரும் துணியவில்லை.

நான்காம் வாரம் துணிப்பை சற்றுக் கனத்தது. கிண்ணத்துக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஏழு உமொரோக் மிளகாய்கள்; உலகின் மிகக் காரமானவற்றுள் ஒன்று. முகாமிலிருந்து எவரேனும் அனுப்பியவையா, ஐ.என்.ஏ. சந்தையில் வாங்கியவையா என்று கேட்க வழியில்லை. இம்பால்காரி அவற்றை எண்ணிப் பார்த்தாள். இரண்டை அடுப்பில் நேராகச் சுட்டாள். நெடி அறையெங்கும் பரவி, ஈரத்துண்டைக் கடந்து, படிக்கட்டில் இறங்கியது. இருவரும் இருமினார்கள், கண்ணில் நீர் வழிந்தது. கீழிருந்து வீட்டு உரிமையாளர் அம்மையாரின் குரல் எழுந்தது. மேல்மாடியிலும் யாரோ இருமினார்கள்.

தேனிக்காரி எழுந்து சன்னலைத் திறந்தாள்.