கலந்தாரோ, சேர்ந்தாரோ?

திருத்தணிகை, 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளிற் சித்தூர் மாவட்டத்தினின்று நீங்கித் தமிழகத்தோடு இணைந்த ஊராதலின், அங்குள்ள இல்லங்கள் பலவற்றில் தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும். எல்லை மாறிற்று, நா மாறிற்றில்லை. அத்தகைய இல்லமொன்றில் முதிய அன்பர் ஒருவர் தம் வாழ்க்கைத் துணைவியாரை இழந்தார். உத்தரகிரியைப் பத்திரிகை அச்சிடப் புகுந்த மருகர், தெலுங்கிற் ‘சிவைக்கியம்’ என வரைந்து, அதற்குத் தமிழாகச் ‘சிவத்தோடு கலந்தார்’ என்றெழுதினார். அச்சொல் அன்பர் நெஞ்சில் முள்ளாயிற்று. அத்தாளைக் கையிற் கொண்டு மலையேறி, அங்கு நாடோறும் வழிபடும் சித்தாந்தப் புலவர் ஒருவரை அடைந்தார்.

“ஐயா, கலந்துவிட்டாளெனின் அவளென ஒருத்தி இனி இல்லையோ?”

புலவர் வாளா இருந்தார். நூலறிவு வினாவிய வினாவன்று அது. பின்னர்ச் சொல்லலானார்: “எள்ளும் அரிசியும் விரவினாற் பொறுக்கிப் பிரிக்கலாம், அங்ஙனம் புறத்தே ஒட்டி நிற்பதன்று முத்தி. ஆறு கடலிற் கலந்தாற் பெயரும் வடிவும் போம், அதுவுமன்று. நம் சாத்திரமும் கலப்பு என்னும். ஆயின் ஒரு பொருள் கெட்டு மற்றொன்றாதலை அச்சொல் ஆண்டு உணர்த்தாது. மெய்கண்டார் இரண்டாஞ் சூத்திரத்திற் பண்ணும் ஓசையும், பழமும் சுவையும் உவமை காட்டினார். கலப்பால் ஒன்று, பொருட்டன்மையால் வேறு. ஆன்மா கெடுமெனின் அவ்வின்பத்தை நுகர்வார் யார்?”

அன்பர் முகம் இன்னும் தெளிந்திலது. புலவர் இலக்கணத்திற்குத் திரும்பினார். தாள், தலை என்னும் இரு சொற்களும் புணருங்கால் தகரம் டகரமாய்த் திரிய, ளகரம் கெட்டுத் ‘தாடலை’ என ஒரு சொல்லாய் ஒலிக்கும். பிரிப்பின் தாள் தாளே, தலை தலையே. உமாபதி சிவம் திருவருட்பயனில் முத்திநிலைக்கு இச்சொல்லையே உவமையாக எடுத்தாண்டார்.

“தலை தாளிற் சேர்ந்தது, தலை தொலைந்திலது” என்றார் புலவர்.

அன்பர் எழுதுகோல் கேட்டு வாங்கிக் ‘கலந்தார்’ என்பதை அடித்துத் ‘திருவடி சேர்ந்தார்’ எனத் திருத்தினார். தெலுங்கையும் மாற்றவேண்டுமோ என்று வினவினார்.

“வேண்டா. ஐக்கியத்திற்கும் பொருள் இதுவே என மருகருக்குச் சொல்லுங்கள்.”

சந்நிதியிற் பெற்ற சந்தனத்தை நீரிற் கரைத்துப் பருகுதல் அத்தலத்து மரபு. இல்லத்திற்கு இருவர் பங்காகவே நாளும் கொணர்ந்து பழகிய அன்பர், அன்றும் இரண்டாகவே வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கினார்.